1.025 என்று மட்டும் சொன்னால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விளக்கு, பவளம், ஃபில்டர் என்று எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்தவர், உப்பு விஷயத்தை மட்டும் "ஹைட்ரோமீட்டரில் 1.020 முதல் 1.025 வரை இருந்தால் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்த வெப்பநிலையில் என்று சொல்லவில்லை, மிதந்து தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் அந்தக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லவில்லை. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் அந்த வரியை வெட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண்களையே பார்ப்போம், அவை ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு நல்ல தண்ணீரைவிட இந்தத் தண்ணீர் எத்தனை மடங்கு கனம் என்பது. 25 டிகிரி செல்சியஸில் 1.020 என்றால் ஒரு கிலோ தண்ணீரில் சுமார் இருபத்தாறரை கிராம் உப்பு. 1.025 என்றால் சுமார் 33 கிராம். இரண்டுக்கும் நடுவே ஆறரை கிராம் வித்தியாசம் இருக்கிறது, இதை ஒரே மாதிரி "சரி" என்று எப்படிச் சொல்வது? மீன் மட்டும் இருக்கும் தொட்டி என்றால் இந்த இடைவெளியில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். பவளம், இறால், நட்சத்திர மீன் இருக்கும் தொட்டியில் அது முடியாது. பெருங்கடல்களின் சராசரி ஒரு கிலோவுக்கு 35 கிராம், அதாவது 35 பிபிடி, 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.0264. பவளம் வைப்பவர்கள் குறி வைக்கவேண்டியது இதைத்தான். செங்கடலில் 40 பிபிடி இருக்கிறது, அங்கேயும் பவளம் நன்றாகத்தான் வளர்கிறது என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் அவை அங்கேயே பிறந்து வளர்ந்தவை, நம் தொட்டியில் திங்கட்கிழமை 33, வெள்ளிக்கிழமை 37 என்று ஊசலாடுவது வேறு விஷயம்.

மீனைவிட மற்றவற்றுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், கடல்மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அது ஓயாமல் கடல்நீரைக் குடித்து, அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது, அந்த வேலைக்கான உறுப்பு அதற்கு உண்டு. நட்சத்திர மீனுக்கும் பவளத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. வெளியே தண்ணீர் எப்படியோ உள்ளேயும் அப்படியே. வெளியே திடீரென்று மாறினால் அவற்றின் செல்கள் ஊதும், அல்லது சுருங்கும். கடையிலிருந்து வந்த நட்சத்திர மீன் சில நாளில் கரைந்து போவதற்குப் பல காரணம் இருக்கலாம், உப்பளவு சட்டென்று மாறியது அதில் முக்கியமான ஒன்று.

சரி, அளப்பதற்கு வருகிறேன். கட்டுரையாளர் சொன்ன ஹைட்ரோமீட்டரை நான் குறை சொல்லவில்லை, மிதக்கும் கண்ணாடி வகையில் நல்லது கிடைத்தால் அது பல டிஜிட்டல் கருவிகளைவிட நம்பகமானது. பிரச்சினை வெப்பநிலைதான். ஒவ்வொரு ஹைட்ரோமீட்டரும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு அளவு குறிக்கப்பட்டது, பெரும்பாலும் தாளிலேயே அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. 15.6 டிகிரிக்காகச் செய்த ஹைட்ரோமீட்டரை 25 டிகிரித் தொட்டியில் போட்டால், அச்சு அசலான 35 பிபிடி கடல்நீரிலும் அது ஏறக்குறைய 1.024 என்றுதான் காட்டும், ஏனென்றால் தண்ணீர் சூடாக ஆக அடர்த்தி குறைகிறது. அதைப் பார்த்த மனிதர் உப்பு குறைந்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் உப்பு கரைத்து ஊற்றுவார், தொட்டி 38ஐத் தொடும், அவர் கையில் இருக்கும் கருவி அப்போதும் "எல்லாம் சரி" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கருவியில் கோளாறே கிடையாது, அதோடு வந்த அட்டவணையைப் பார்த்துத் திருத்திப் படித்திருந்தால் போதும்.

தண்ணீர் கண்ணாடித் தண்டின் ஓரமாகக் கொஞ்சம் மேலேறி நிற்குமல்லவா, அந்த வளைவின் உச்சியைப் படிக்கக்கூடாது, தண்ணீரின் சமமட்டத்தைப் படிக்கவேண்டும். தண்டில் குமிழி ஒட்டியிருந்தால் அதைத் தூக்கிவிடும், அளவு கூடுதலாகத் தெரியும். உப்புப் பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தால் எடை கூடி அமிழும், குறைவாகத் தெரியும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் முள் ஆடும் வகைக்கும் இதே கதைதான், அதில் குமிழி இன்னும் பிடிவாதமாக ஒட்டும். தட்டிவிட்டு, சமதளத்தில் வைத்துப் படித்து, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி வைத்தால் ஓரளவு நாணயமாக நடந்துகொள்ளும். முள்ளில் வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். ஆனாலும் பவளத் தொட்டிக்கு அதை மட்டும் நம்பி இருக்கச் சொல்லமாட்டேன்.

இப்போது பலரும் வாங்குவது ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை வைத்து உப்பைச் சொல்லும் கருவி. ஒரு சொட்டு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை வைத்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு. பார்க்க விஞ்ஞானமாக இருப்பதால் அது சொல்வதை யாரும் கேள்வி கேட்பதில்லை, அதுதான் அதன் ஆபத்து. இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

ஒன்று, சந்தையில் உள்ள கைக்கருவிகளில் நிறைய, சாதாரண உப்புக் கரைசலை, அதாவது சோடியம் குளோரைடை அளக்கச் செய்தவை. கடல்நீரில் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருப்பதால் அது ஒளியை வளைக்கும் விதம் கொஞ்சம் வேறு. அப்படிப்பட்ட கருவியில் உண்மையான 35 பிபிடி கடல்நீர் 36.5 என்று காட்டும். நீங்கள் அதை 35க்குக் கொண்டுவந்தீர்கள் என்றால் தொட்டியில் உண்மையில் இருப்பது 33.5 பக்கம்.

இரண்டாவது, இதைவிடப் பெரிய விஷயம், காலிபரேஷன், அதாவது அளவு தெரிந்த திரவத்தை வைத்துக் கருவியைச் சரிசெய்வது. கருவியோடு வரும் தாளில் நல்ல தண்ணீர் விட்டு பூஜ்யத்தில் நிறுத்து என்று போட்டிருக்கும். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35இலும் சரியாக நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆரம்பப் புள்ளி சரியாக இருந்து, அடுத்தடுத்த கோடுகள் தப்பாக அச்சான அளவு நாடா மாதிரிதான். நாம் அளக்கப்போவது 35க்கு அருகில் என்றால், சோதிக்கவேண்டியதும் 35இல்தான். 35 பிபிடி கடல்நீருக்குச் சமமான காலிபரேஷன் திரவம் கிடைக்கிறது. அதில் ஒரு சொட்டு விட்டுத் திருகியைத் திருகி 35இல் நிறுத்திவிட்டால், மேலே சொன்ன இரண்டு பிழைகளும் அந்த இடத்தில் ஒரே அடியாகத் தீர்ந்துவிடும்.

வாங்க முடியாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். சுத்தமான, ஈரமில்லாத சாதாரண உப்பு 36.5 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 963.5 கிராம், மொத்தம் ஒரு கிலோ. இரண்டையும் தராசில்தான் நிறுக்கவேண்டும், கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரு கிராம் தவறினால் கிட்டத்தட்ட ஒரு பிபிடி தவறும், அதனால்தான் நூறு கிராம் செய்யாமல் ஒரு கிலோவாகச் செய்யச் சொல்கிறேன். இறுக மூடி வையுங்கள், திறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகி அளவுத் திரவமே பொய்யாகிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த 36.5 ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான். அதே 35 பிபிடி கடல்நீரின் மின்கடத்தலுக்குச் சமமாக வேண்டுமென்றால் கிலோவுக்கு 32.9 கிராம் உப்பு, அடர்த்திக்குச் சமமாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 37.1 கிராம். மூன்றும் மூன்று திரவம். ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு எல்லாக் கருவியையும் சோதிப்பவர்கள், ஒரு கருவி இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை என்று புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கடையில் வாங்கும் பாட்டிலிலும் எந்தக் கருவிக்கு என்று போட்டிருக்கும், பாருங்கள்.

தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் உண்டு என்று கருவியின் மேல் எழுதியிருந்தாலும் சொட்டு விட்டவுடன் படிக்காதீர்கள். சொட்டின் சூடும் கருவியின் சூடும் ஒன்றாவதற்கு அரை நிமிடமாவது கொடுங்கள். ரொம்ப நேரமும் விடக்கூடாது, அந்தச் சின்னச் சொட்டிலிருந்தும் தண்ணீர் ஆவியாகும். அப்புறம் முந்தைய சொட்டின் உப்பு கண்ணாடியில் காய்ந்திருந்தால் புதுச் சொட்டில் அது கரைந்து அளவைக் கூட்டும். அளந்து முடித்ததும் நல்ல தண்ணீரால் துடைத்து வையுங்கள்.

தண்ணீரின் மின்கடத்தலைப் பார்த்து உப்பைச் சொல்லும் கண்டக்டிவிட்டி மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 35 பிபிடி கடல்நீர் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ், அந்தத் திரவத்தில் காலிபரேட் செய்யுங்கள், முனைக்குள் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் மின்கடத்தல் சுமார் 2 சதவீதம் மாறும், எனவே வெப்பநிலைத் திருத்தம் இல்லாத மலிவான மீட்டரால் பிரயோஜனம் இல்லை. குடிநீர் பார்க்கும் டிடிஎஸ் பேனாவைக் கடல்நீரில் முக்குபவர்கள் இருக்கிறார்கள், அதன் அளவெல்லை அங்கே வரை போகவே போகாது. ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொட்டின் ஒளிவிலகலையோ மின்கடத்தலையோ பார்த்து மொத்த உப்பையும் சொல்லிவிடுகிறோமே, இது எப்படி நியாயம் என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த கடல்நீர் மாதிரிகளில் 77ஐ வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், அதிலுள்ள முக்கியப் பொருள்களின் விகிதம் பெருங்கடல் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஒன்றை அளந்தால் மற்றவை தெரிந்துவிடும். 1978இல் கடலியலாளர்கள் உப்பளவுக்கான வரையறையையே மின்கடத்தலின் மேல் கட்டினார்கள்.

ஆனால் இந்த நியாயம் நல்ல கடல் உப்புக் கலவைக்குத்தான் பொருந்தும். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், சமையல் உப்பைப் போட்டு 1.025க்குக் கொண்டுவந்தால் ஆகாதா என்று கேட்டிருந்தார். மீட்டர் அழகாக 1.025 காட்டும், மீன் செத்துப்போகும். கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து எடையில் சுமார் 85 சதவீதம்தான், மீதி இல்லாமல் அது கடல்நீரே ஆகாது. நம் கருவிகள் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது.

இனி, அளவு தப்பாக இருக்கிறது, என்ன செய்வது? முதல் வேலை, எதுவும் செய்யாமல் இருப்பது. கருவியைச் சோதியுங்கள், இன்னொரு முறை அளந்து பாருங்கள், முடிந்தால் வேறு வகைக் கருவியில் ஒரு முறை. தொட்டியில் எல்லாம் நன்றாக விரிந்து, தின்று, வளர்ந்துகொண்டிருக்கும்போது மீட்டர் மட்டும் ஒரே நாளில் 40 என்று அலறினால் நான் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவேன்.

உப்பு கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆவியாதல். போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். 200 லிட்டரில் 3 லிட்டர் போனால் 35, 35.5 ஆகும். பெரிதாகத் தெரியாது. 40 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் போனால் 36.8. சின்னத் தொட்டி புதியவர்களுக்கு எளிது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இது ஒரு காரணம். ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்பவேண்டும், உப்புத் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தானாக நிரப்பும் கருவி வைத்தால் இந்தக் கவலையில் பாதி போய்விடும், அதன் மிதவை மாட்டிக்கொள்ளாமல் அவ்வப்போது பார்த்தால் சரி. குறைவதற்கும் காரணம் உண்டு. அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் ஈரமாக நுரை தள்ளும்போது அதோடு உப்பும் போகிறது, விளிம்புகளில் பூக்கும் வெள்ளைப் பொருக்கில் போகிறது, அந்த இடத்தை ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பிவிடுவதால் வாரக்கணக்கில் மெல்ல இறங்கும், யாரும் கவனிப்பதில்லை.

கூடியதைக் குறைக்கக் கணக்கு எளிது. கூடியிருக்கும் அளவை இப்போதைய அளவால் வகுத்து, தொட்டியின் தண்ணீரால் பெருக்குங்கள். 200 லிட்டர் 38இல் இருக்கிறது, 35 வேண்டும் என்றால் 3ஐ 38ஆல் வகுத்து 200ஆல் பெருக்க, கிட்டத்தட்ட 16 லிட்டர். அவ்வளவு தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றவேண்டும், ஒரே தடவையில் வேண்டாம், நாளுக்கு 5 லிட்டர் போல மூன்று நாளில் முடியுங்கள். இங்கே 200 லிட்டர் என்பது உண்மையாக உள்ளே இருக்கும் தண்ணீர். கண்ணாடியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி வந்த எண்ணைப் போட்டால் கல்லும் மணலும் பிடித்திருக்கும் இடத்தையும் தண்ணீராகக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

குறைந்ததைக் கூட்டுவதில்தான் அவசரம் காட்டி மாட்டிக்கொள்கிறார்கள். உப்புக் கட்டியை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள், கரையாத பரல் பவளத்தின் மேல் விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும். எனக்குப் பிடித்த வழி ஆவியாதலையே வேலைக்காரனாக வைத்துக்கொள்வது. நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகும் 200 லிட்டர் தொட்டி 31இல் இருக்கிறது என்று வையுங்கள். அந்த 3 லிட்டரை ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதிலாக 35 பிபிடி உப்புத் தண்ணீரால் நிரப்பினால் நாளுக்கு அரை பிபிடி ஏறும், எட்டு நாளில் 35ஐத் தொட்டுவிடும், உள்ளே யாருக்கும் தெரியாது. தானாக நிரப்பும் கருவி இருந்தால் அதன் வாளியில் உப்புத் தண்ணீர் இருப்பதை மறக்காமல், இலக்கு வந்ததும் மாற்றிவிடவேண்டும். ஏற்றுவது என்றால் நாளுக்கு ஒரு பிபிடிக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவாக எல்லோரும் பின்பற்றும் வரம்பு. மீன்கள் இறக்கத்தைத் தாங்கும் அளவுக்கு ஏற்றத்தைத் தாங்குவதில்லை. ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்காக ஒப்படர்த்தியை 1.009க்கு இறக்கி வைத்தியம் செய்வது இதனால்தான் முடிகிறது, அதுவும் தனித் தொட்டியில், மீனுக்கு மட்டும். பவளமும் இறாலும் அதில் பிழைக்காது. அந்த வைத்தியத்துக்கு 35இல் சரிசெய்த ரிஃப்ராக்டோமீட்டரை அப்படியே நம்பாமல், நல்ல தண்ணீரில் பூஜ்யத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 1.009க்குப் பதில் 1.012இல் நின்றால் ஒட்டுண்ணி தப்பித்துவிடும்.

புது உப்புத் தண்ணீர் கலக்கும்போது தண்ணீரை முதலில் வைத்து அதில் உப்பைச் சேர்க்கவேண்டும், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் அது மிகக் கெட்டியான கரைசலாக இருந்து சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரிந்துவிடும். பவர்ஹெட் என்ற, தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்பை ஓடவிட்டு, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, கண்ணாடிபோல் தெளிந்த பிறகு அளந்து பாருங்கள். உப்புக் கலவை ஈரம் இழுத்திருக்கும் என்பதால் லிட்டருக்கு 35 கிராம் போட்டால் 35 வராது, பெரும்பாலும் இன்னும் சில கிராம் கூடுதலாக வேண்டும். பெட்டியைத் திறந்த உடனே ஒரு அளவும் கடைசியில் ஒரு அளவும் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கால்சியம் குறைகிறது, மக்னீசியம் குறைகிறது என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றுபவர்கள் முதலில் உப்பளவைப் பார்க்கவேண்டும். 35 பிபிடியில் கால்சியம் லிட்டருக்கு சுமார் 420 மில்லிகிராம். உப்பு 32க்கு இறங்கிய தண்ணீரில் அதுவே 385 பக்கம் இருக்கும், மற்றவையும் அதே விகிதத்தில் இறங்கியிருக்கும். உப்பைச் சரிசெய்தால் எல்லாம் சேர்ந்து ஏறும். அதை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் துரத்தி ஏற்றியவர், பிறகு ஒருநாள் உப்பையும் ஏற்றினால் எல்லாமே எல்லை தாண்டும்.

கடையிலிருந்து மீனோ இறாலோ வாங்கி வந்தால் அந்தப் பையின் தண்ணீரையும் அளந்துவிடுங்கள். உப்புச் செலவையும் ஒட்டுண்ணியையும் குறைக்கச் சில கடைகளில் தொட்டியை வேண்டுமென்றே குறைந்த உப்பில் வைத்திருப்பார்கள், தவறில்லை, ஆனால் 27இலிருந்து நேராக 35க்கு வரும் இறாலின் பாடு நமக்குத் தெரியவேண்டும்.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, விளக்கு பற்றி அவர் எழுதியதில் நானும் சிலவற்றைக் குறித்து வைத்துக்கொண்டேன். அடுத்த முறை இந்தப் பகுதியில் உப்பளவு பற்றி எண் எதையாவது அச்சிடும்போது அதன் பக்கத்தில் வெப்பநிலையையும், எந்தக் கருவி என்பதையும், அதை 35இல் சோதித்தார்களா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இடமில்லை என்றால் 1.020ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடலாம்.

அன்புடன்,
கடல்நீர்த் தொட்டி வளர்க்கும் ஒரு வாசகர்